கீழ்க்குரலுக்கு யாரைப் போடுவது?

நான் விட்டுவந்த பள்ளிக்கூடத்தில் இப்போது இசை படிப்பிக்கிற நிரோஷன் போன மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். கொயர், அதுதான் பள்ளிக்கூடச் சேர்ந்திசைக் குழு, நடத்துவதற்குப் பத்துக் குறிப்புகள் வேண்டுமாம். ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டுமாம். புள்ளி போட்டு எழுதினால் இன்னும் நல்லதாம்.

படித்தவுடன் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஸ்காபரோவின் மல்வேர்ன் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம், ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்குமான பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தி, ஒன்றாக மூச்செடுக்க வைத்து, ஒன்றாக வாயைத் திறக்க வைத்து, அதைவிடக் கஷ்டப்பட்டு ஒன்றாக வாயை மூடவும் வைத்திருக்கிறேன். அதைப் பத்துப் புள்ளிக்குள் அடக்கு என்கிறான். உடனே தொலைபேசியில் பிடித்தேன்.

“என்னடா தம்பி, உது என்ன சமையல் குறிப்போ?”

“இல்லை அன்ரி, ஜஸ்ட் த பேசிக்ஸ்,” என்றான். “முதல்ல எனக்கு ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. கீழ்க்குரலுக்கு ஆரைப் போடுறது? நல்லாப் பாடுற பிள்ளையளையோ, ஏலாத பிள்ளையளையோ?”

நல்ல கேள்விதான். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதியது ஒரு பக்கத்துக்குள் நிற்கவில்லை. புள்ளியும் இல்லை. வாசித்துத் தொலையட்டும்.

கொயர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கொயரில் வழக்கமாக இரண்டு குரல் இருக்கும். மேற்குரல் பாட்டின் மெட்டைப் பாடும். எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது வாய்க்குள் முணுமுணுக்கிற மெட்டு அது. கீழ்க்குரல் அதே சொற்களை, அதே தாளத்தில், கொஞ்சம் தாழ்ந்த வேறொரு மெட்டில் பாடும். இரண்டும் சேரும்போதுதான் பாட்டுக்கு ஒரு கனம் வரும். கீழ்க்குரலை மட்டும் தனியாகக் கேட்டால், யாரோ பாட்டைப் பிழையாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். என்னுடைய தலையிடிகளில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

எனக்கே அது விளங்க ஒரு வருடம் பிடித்தது. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் உயர்பள்ளியில் சேர்ந்தபோது, அதிகம் ஆங்கிலம் கதைக்கத் தேவையில்லாத பாடம் எது என்று பார்த்து இசையை எடுத்தேன். முதல் நாளே என்னைக் கீழ்க்குரலில் நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்ற எட்டுப் பேரும் பாட்டைப் பிழையாகப் பாடினார்கள். பாவம், கேட்டுத் திருந்தட்டும் என்று நான் சரியான மெட்டை உரத்துப் பாடினேன். ஆசிரியர் இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் தரம் என்னை மேலே போகச் சொன்னார். பிறகு பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சி, இரண்டு வருடம் பதிலாசிரியை வேலை, அதற்குப் பிறகு மல்வேர்ன். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

கொயருக்கு எங்களுக்குக் கிடைத்த நேரம் செவ்வாயும் வியாழனும் மதிய இடைவேளை. நாற்பது நிமிடம் என்று கால அட்டவணையில் இருக்கும். மாரி காலத்தில் அதில் பத்து நிமிடம் பிள்ளைகள் பனிக் காற்சட்டையைக் கழற்றுவதிலும், ஒருவருடைய சப்பாத்தை இன்னொருவர் தேடுவதிலும் போய்விடும். ஐந்து நிமிடம் சிப்ஸ் தின்ற வாயைக் கழுவிவிட்டு வா என்று துரத்துவதில் போகும். மிச்சத்தில்தான் சங்கீதம். இசை அறையில் இருந்த பியானோவில் நடுவில் ஒரு கட்டை ஊமை. அந்தச் சுரம் வரும் இடத்தில் நான் வாயால் பாடி நிரப்புவேன். அதைத் திருத்தித் தரச் சொல்லி நாலு வருடம் கேட்டேன்.

யாரிடம் கேட்டேன் என்றால் எங்கள் அதிபர் மிஸிஸ் கார்மைக்கலிடம். அந்த மனுசி ஒருநாளும் அறைக்குள் முழுதாக வந்ததில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, இடுப்பில் வோக்கி டோக்கி. குரல் உயர்த்தியதும் இல்லை. கேட்க வேண்டியதை மஞ்சள் ஒட்டுத்தாளில் ஒரே ஒரு சொல்லாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, என் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். ‘சத்தம்?’ ‘திறப்பு?’ ‘வியாழன்?’ காலையில் வந்து அந்த மஞ்சளைக் கண்டால் கோட்டைக் கழற்றாமலே அவரிடம் ஓடுவேன். நேரில் போய் விளக்கம் சொன்னால் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓகே, லெட்ஸ் பார்க் தட்,” என்பார், இப்போதைக்கு ஓரமாக நிறுத்தி வைப்போம் என்று அர்த்தம். அவர் பார்க் பண்ணிய விடயம் அங்கேயே கிடந்து துருப்பிடிக்கும். என் பியானோ அப்படித்தான் கிடந்தது. அவருக்குச் சங்கீதம் ஒரு சொட்டும் தெரியாது, முன்னாள் விளையாட்டு ஆசிரியை. ஆனால் வசந்தகால இசைவிழாவில் தங்கம் வாங்கினால் வாசலில் ஒரு தகடு மாட்டலாம் என்பது வடிவாகத் தெரியும்.

நான் யாரையும் தெரிவு செய்து எடுத்ததில்லை. வந்தவர் எல்லோரும் பாடலாம். ஆனால் முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரை இரண்டு சுரத்தில் பாடச் சொல்லுவேன். பிறகு நான் பியானோவில் வேறொரு மெட்டை வாசிப்பேன், பிள்ளை தன்னுடையதை விடாமல் பாட வேண்டும். பெயர்ப்பட்டியலில் ஒரு அடையாளம் போடுவேன். சுரம் இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு வட்டம். மற்றவரைப் பின்பற்றிப் பாடக்கூடிய பிள்ளைக்கு ஒரு சரி. நான் எதை வாசித்துக் குழப்பினாலும் அசையாத பிள்ளைக்கு நட்சத்திரம். நட்சத்திரங்களைக் கீழ்க்குரலுக்கு அனுப்புவேன். ஒரு நட்சத்திரம், அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வட்டம். பக்கத்துக் காதுக்குள் சரியான சுரம் விழுந்துகொண்டே இருந்தால் வட்டமும் ஒருநாள் சரியாகும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. எல்லாக் கொயர் ஆசிரியர்களும் இப்படித்தான் செய்கிறோம், யாரும் வெளியே சொல்வதில்லை.

மற்றப்படி எல்லாம் சின்னச் சின்ன விடயங்கள். உதட்டைப் படபடவென்று அடித்து பஸ் எஞ்சின் சத்தம் போட வைப்பது. அடியிலிருந்து உச்சிவரை ‘ஊ’ என்று சங்கு ஊத வைப்பது. முழங்காலை இறுக்கி நிற்காதே என்று நூறு தரம் சொல்வது. இறுக்கி நின்றால் பிள்ளை மயங்கி விழும், மூன்று பேரை நானே ஏந்தியிருக்கிறேன். என் கை மேலே போனால் எல்லோரும் மூச்செடுக்க வேண்டும். எங்கேயாவது பிழைத்தால் நான் வரிசையோடு குனிந்து நடந்து ஒவ்வொரு வாயிலும் காதை வைப்பேன். எந்த வாயிலிருந்து பிழை வருகிறது என்று அப்படித்தான் பிடிப்பது.

இனி எங்கள் ஆட்களுக்கு வருகிறேன். மல்வேர்னில் என்னிடம் வந்த தமிழ்ப் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் சனிக்கிழமைகளில் வோபர்ன் பக்கம் கர்நாடக சங்கீதம் படிக்கப் போவார்கள். பெற்றோருக்கும் நல்ல காது. அந்த நல்ல காதுதான் என்னைக் கொன்றது. ஒரு பாட்டென்றால் ஒரு மெட்டு, அதில் விலகினால் பிழை. பிள்ளை வீட்டில் இருந்து கீழ்க்குரலைப் பாடிப் பழகும். குசினிக்குள் நிற்கிற தாய்க்கு அது அபசுரமாகக் கேட்கும். வீடியோவைத் தேடிப் போட்டு, உட்கார வைத்து, பொறுமையாக, அன்பாக, வரிவரியாகத் திருத்திவிடுவார்கள். ஒரு தகப்பன் எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று பாட்டு முழுவதையும் கொப்பியில் சுரப்படுத்தி அனுப்பினார், மேற்குரலை. ஒவ்வொரு செப்ரெம்பரும் இரண்டு மொழியில் விளக்கக் கடிதம் அனுப்பினேன். இரண்டு மொழியிலும் ஒருவரும் வாசிக்கவில்லை.

தாரணி மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். எட்டு வயது. பெயரைப் பாடச் சொல்லிவிட்டு நான் வேறு மெட்டை வாசித்தேன், அசையவில்லை. சுருதியை மாற்றி வாசித்தேன், அசையவில்லை. இந்த மனுசிக்கு என்ன பிரச்சினை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு தன் பெயரைப் பாடிக்கொண்டே நின்றாள். எனக்கு வாயெல்லாம் பல். பட்டியலில் இரண்டு நட்சத்திரம் போட்டேன்.

கீழ்வரிசையின் நடுவில் நிறுத்தினேன். இடப்பக்கம் ஜேடா, வலப்பக்கம் மார்க்கஸ், இரண்டு பேரும் வட்டம். மூன்று வருடம் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கீழ்க்குரலில் பதினாலு பேர், பதின்மூன்று பேரும் தாரணியின் வாயைப் பார்த்துத்தான் பாடினார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கீழ்க்குரல் பயிற்சியையே நான் தள்ளி வைத்துவிடுவேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கையில், ஒரு வியாழக்கிழமை. ஆற்றைப் பற்றிய ஒரு பாட்டு. மேற்குரலைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கீழ்க்குரலை மட்டும் பாட விட்டேன். முழு வரிசையும் மேற்குரலின் மெட்டைப் பாடியது. நிறுத்தினேன். அவர்களுடைய மெட்டைப் பாடிக் காட்டினேன். மறுபடியும் அதே கதை. குனிந்து வாய் வாயாகக் காதை வைத்துக்கொண்டு போனேன். தாரணியிடம் வந்தபோது பிடிபட்டது. மேற்குரலை அச்சொட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள், வரியின் முடிவில் ஒரு சின்னக் கமகத்தோடு. அந்தக் கமகத்தைக் கேட்டதுமே இது வீட்டில் நடந்த வேலை என்று விளங்கிவிட்டது.

எனக்குச் சன்னதம் வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாது என்று தமிழில் ஏசினேன். “ஆர் உனக்கு உதை மாத்திச் சொல்லித் தந்தது? உன்னாலை பதின்மூண்டு பேர் பிழையாப் பாடுகினம்!” வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மிச்சப் பேருக்கு என் முகமே போதுமாக இருந்தது.

“அம்மா சொன்னா, நான் பிழையாப் பாடுறன் எண்டு,” என்றாள் தாரணி. அவ்வளவுதான், வாயை மூடினாள்.

அடுத்த செவ்வாய் வந்தாள், தன் இடத்தில் நின்றாள், என் கை மேலே போனபோது மூச்செடுத்தாள், வாயைத் திறந்தாள். காதை வைத்தால் ஒன்றுமில்லை. வெறும் காற்று. புதன்கிழமை காலை என் கதவில் மஞ்சள் தாள். ‘தாரணி?’ கீழே, நாளை எட்டு மணி. பிறகுதான் அறிந்தேன், பிள்ளை வீட்டிலும் பாடவில்லை. சனிக்கிழமைச் சங்கீத வகுப்பிலும் போய்க் கைகட்டிக்கொண்டு இருந்துவிட்டு வந்திருக்கிறாள். தாய் பிழை என்கிறா, ரீச்சரும் பிழை என்கிறா. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காது உள்ள பிள்ளை, தனக்குப் பாட வராது என்று முடிவு கட்டிவிட்டாள்.

வியாழன் காலை தாய் சுகந்தி இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தார். பாண் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. தலைவலை போட்ட தடம் நெற்றியில் அப்படியே இருந்தது. மொழிபெயர்க்க ஒரு ஆள் வருவதாக இருந்தது, வரவில்லை. மிஸிஸ் கார்மைக்கல் கதவில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீயே செய்தால் என்ன என்று அர்த்தம்.

“ரீச்சர், நான் உங்களைப் பற்றித்தான் முறையிட வந்தனான்,” என்றார் சுகந்தி. “அதை நீங்களே சொல்லப் போறியளோ?”

“வேறை ஆளில்லை. நீங்கள் சொல்லுங்கோ, ஒண்டும் விடாமல் சொல்லுறன்.”

“மூண்டு வருசமா என்ர பிள்ளை இதிலை நிக்கிறாள். ஒருநாளும் பாட்டைப் பாடினதில்லை. இந்த ரீச்சர் மற்றப் பிள்ளையளுக்குப் பாட்டைக் குடுத்துப்போட்டு இவளுக்கு மிச்சத்தைக் குடுக்கிறா. அதையும் பிழையாச் சொல்லிக் குடுக்கிறா. நான் திருத்திவிட்டால் எல்லாருக்கும் முன்னாலை வைச்சு ஏசுறா. இப்ப பிள்ளை வாயே திறக்கிறாளில்லை.”

“வட் டஸ் ஷி சே?” என்றார் அதிபர்.

சொன்னேன். நான் இவருடைய மகளுக்குப் பாட்டைக் கொடுக்கவில்லை, மிச்சத்தைக் கொடுத்தேன், அதையும் பிழையாகப் படிப்பித்தேன், எல்லோருக்கும் முன்னால் ஏசினேன் என்று, என்னைப் பற்றி நானே, நல்ல ஆங்கிலத்தில்.

“என்ன சொன்னனீங்கள் அவவுக்கு?” என்றார் சுகந்தி சந்தேகத்தோடு.

“நீங்கள் சொன்னதைத்தான்.”

“வஞ்சகம் எண்டும் ஒண்டு சேருங்கோ. அதைச் சொல்ல மறந்துபோனன்.”

சேர்த்தேன். கடவுளே, இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு காலைப் பொழுது எனக்கு வேறு கிடைத்ததில்லை. மிஸிஸ் கார்மைக்கல், “இஸ் தட் ட்ரூ?” என்று கேட்டார். ஏசியது மட்டும் உண்மை என்றேன். அவர் “லெட்ஸ்” என்று தொடங்கினார். பார்க் பண்ண விடவில்லை நான். இரண்டு பேரையும் இசை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே விளையாடிக்கொண்டிருந்த தாரணியை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

“சுகந்தி, நீங்கள் அந்தப் பாட்டைப் பாடுங்கோ. வீட்டிலை பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே.”

“நானோ? விசரே ரீச்சர், எனக்கு வெக்கம்.”

“வஞ்சகம் எண்டு சொல்ல வெக்கமில்லை, பாட வெக்கமோ?”

பாடினார். நல்ல குரல். இரவு முழுக்க நின்று வேலை செய்த களைப்பிலும் சுருதி விலகவில்லை. தாரணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன், உன்னுடைய வரியை நீ பாடு, பிழை என்று இனி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

“பாடு பிள்ளை,” என்றார் சுகந்தி.

இரண்டாம் தரம் தாயோடு சேர்ந்து பாடியபோது தாரணியிடமிருந்து சத்தம் வந்தது, நூல்போல. தாய் இரண்டு வரி தாக்குப்பிடித்தார். மூன்றாம் வரியில் மகளுடைய மெட்டுக்கு வழுகிப் போய் நின்றுவிட்டார். “ஐயோ, என்னை இழுத்துக்கொண்டெல்லோ போறாள்!”

“அவள் இழுக்கேல்லை. நீங்கள்தான் போறியள். திருப்பிப் பாடுங்கோ.”

மூன்றாம் தரம் சுகந்தி கண்ணை மூடி, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டார். நாலு வரியும் ஒட்டாமல் விலகாமல் இரண்டு மெட்டும் சேர்ந்து போயின. பியானோ வாசித்துக்கொண்டிருந்த நான், ஊமைக் கட்டை வரும் இடத்தில் பாடக்கூட மறந்துபோனேன். முடிந்ததும் சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டார்.

“இது ரெண்டும் ஒரே பாட்டோ, ரீச்சர்?”

“ஓம்.”

“அப்ப பிள்ளை சரியாத்தான் பாடினவள். நான்தான் குழப்பினது.” மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். கதவில் ஒரு காலோடு நின்ற மிஸிஸ் கார்மைக்கல் கையில் ஒட்டுத்தாள் இருந்தது, ஒன்றும் எழுதவில்லை.

நான் விடுவேனா? வெற்றி கண்ட கையோடு முழுக்க விளக்கினேன். கெட்டிக்காரப் பிள்ளைகளைத்தான் கீழே நிறுத்துவோம், அது மிச்சமல்ல, பெருமை, இவள் இல்லாவிட்டால் மற்றப் பதின்மூன்று பேரும் விழுந்துவிடுவார்கள் என்றேன். சுகந்தியின் முகம் மலர்ந்துபோனது. “இனி இவள் கீழையே நிக்கட்டும் ரீச்சர். நான் வாயே திறக்கமாட்டன்,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

தாரணியோடு வகுப்புப் பக்கம் நடந்தேன். “இப்ப சந்தோஷமோ?” என்றேன்.

“ஓகே மிஸ்.”

“என்ன ஓகே? முகத்தைப் பார்த்தால் அப்பிடித் தெரியேல்லையே.”

வகுப்பு வாசல் வரை வந்தாள். பிறகு, “நோபடி ஆஸ்க்ட் மீ,” என்றாள். “அம்மா மேலை பாடச் சொன்னா. நீங்க கீழை பாடச் சொன்னீங்க. கீழை நிக்கேக்கை ஜேடாவுக்கும் மார்க்கஸுக்கும் கேக்கவேணும் எண்டு நான் லவுட்டாப் பாடுறன். த ஹோல் டைம் அவையைத்தான் லிஸன் பண்ணுறன். ஐ டோன்ட் ஈவன் ஹியர் மீ. எனக்கு அந்தப் பாட்டைப் பாடவேணும், மிஸ். ஜஸ்ட் த சோங்.”

விழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விழா முடியட்டும். அடுத்த வருசம் மேலை விடுறன்,” என்றேன்.

“ஓகே மிஸ்,” என்று வகுப்புக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு மதியம் அவள் கீழ்க்குரலைப் பாடினாள். சரியாக, உரத்து. பதினாலு பேரும் சரியாகப் பாடினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட கீழ்க்குரல்களில் அதுதான் திறமானது. அவளுடைய கண் என் கையில் இல்லை. ஜேடாவின் வாயிலும் மார்க்கஸின் வாயிலும் மாறி மாறி நின்றது. மூன்று வருடமாக அதைப் பார்த்து, என்ன கவனம் இந்தப் பிள்ளைக்கு என்று மெச்சியிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையிடம் நான் பார்க்க வேண்டிய வேலையைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பெருமை என்று பெயரும் வைத்து, தாயிடமும் விற்றுவிட்டேன். அந்த மனுசி வஞ்சகம் என்று சேர்க்கச் சொன்னது அவ்வளவு பிழையில்லை. வாரமுடிவு முழுக்க வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வரிசையில் நின்றதும், “தாரணி, மேலை போ,” என்றேன்.

“இப்பவோ?”

“இப்பத்தான். போ, நேரம் போகுது.”

மேற்குரல் நிற்கிற மூன்றாம் படிக்கு ஏறிப் போனாள். நான் கையை உயர்த்தப் போகும்போது ஜேடா தன் கையை உயர்த்தினாள். “மிஸ், கேன் ஐ கோ டூ?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “சரி, வேறை ஆருக்கு மேலை போக விருப்பம்?” என்று கீழ்வரிசையைக் கேட்டேன். நக்கலாகத்தான் கேட்டேன். பதின்மூன்று கையும் மேலே போனது. மார்க்கஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். கீழ்க்குரல் என்பது பலமான பிள்ளைகளுக்கு மட்டும் என்று வருடா வருடம் சொல்லுவேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் நம்பியிருக்கவில்லை.

மூன்று நாளில் எல்லோரையும் மேலே விட என்னால் ஏலாது. கடைசியில் இப்படி ஒரு ஒப்பந்தம் செய்தேன்: முதல் இரண்டு சரணமும் கீழ்க்குரல் தாரணி இல்லாமல் தன் மெட்டைப் பாட வேண்டும். மூன்றாம் சரணத்தில் எல்லோரும் பாட்டையே பாடலாம். மறுநாள் கதவில் மஞ்சள் தாள். ‘ஏன்?’ போய்ச் சொன்னேன், பிள்ளை கேட்டாள் என்று. கல்வி அத்தியட்சகர் விழாவுக்கு வருகிறார் என்றார் அதிபர். தெரியும் என்றேன். “கோல்ட்?” என்றார். கிடைக்காது என்றேன். “ஓகே, லெட்ஸ் பார்க் தட்,” என்றார். வாழ்க்கையில் முதல் தடவை அந்த வசனத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை நகரத்து மண்டபத்தில் நடந்ததைப் பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? முதல் சரணம் தள்ளாடித் தள்ளாடி நின்றது. இரண்டாம் சரணத்தின் நடுவில் மார்க்கஸ் மேல்மெட்டுக்கு ஏறினான், பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசி வரிக்கு வரும்போது கீழே மிஞ்சி நின்றது ஜேடாவும் இன்னொரு பிள்ளையும். ஜேடா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வருமளவுக்கு முறுகி நின்று தன் வரியை முடித்தாள். வட்டம் போட்ட பிள்ளை அது. மூன்றாம் சரணம் எல்லோரும் ஒரே மெட்டு, ஒரே இரைச்சல். கூரை பறந்தது. நடுவர் தன் தாளில், இரண்டு குரலில் தொடங்கிய பாட்டை ஏன் கைவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். பங்குபற்றியதற்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். திங்கட்கிழமை கதவில் ‘அடுத்த வருடம்?’ என்று இருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து ஓய்வுபெறும் வரை பாட்டுக்குப் பாட்டு வரிசையை மாற்றினேன். இந்தப் பாட்டில் கீழே நின்றவர் அடுத்த பாட்டில் மேலே. நட்சத்திரமும் வட்டமும் எல்லோரும் இரண்டையும் பாடமாக்க வேண்டும். நேரம் இரட்டிப்பு, தலையிடி இரட்டிப்பு, தங்கம் ஒருநாளும் கிடைக்கவில்லை. நிரோஷன், உன் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். பிடிக்காவிட்டால் விடு.

மண்டபத்து வாசலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கோட்டை மாட்டி பஸ்ஸில் ஏற்றுகிற அமளிக்குள், சுகந்தி தன்னோடு வேலை செய்கிற மூன்று பெண்களையும் இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். எல்லோரும் பட்டுச் சேலை, மேலே பனிக் கோட்டு.

“ரீச்சர், கீழ்க்குரல் எங்கை? இவையளை லீவு போட வைச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான். என்ர பிள்ளை கீழை பாடுவாள், கீழை கேளுங்கோ, கீழை கேளுங்கோ எண்டு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான். இஞ்சை பார்த்தால் உவள் மேலை நிக்கிறாள்!”

அட கோதாரி. போன கிழமைதான் இதே மனுசி மேலே விடவில்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தவர். எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. “அவள் கேட்டவள், விட்டனான்,” என்றேன்.

சுகந்தி மகளிடம் திரும்பினார். “மேலை போய் என்னத்தைக் கண்டனீ? அவ்வளவு பேரோடை நிண்டு ஒரே பாட்டைப் பாடினால், உன்ர குரல் எது எண்டு ஆருக்குப் பிள்ளை கேக்கும்?”

தாரணி குனிந்து கோட்டின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பாடிப் பாடி முகமெல்லாம் சிவந்து, குரலும் கம்மிப் போயிருந்தது.

“எனக்குக் கேட்டது அம்மா,” என்றாள்.